பரங்கிக்காய் மேசையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள கலா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது என் தப்புதான். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் பெரியவன் கல்லூரியில் சேர்ந்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். சரி, குசலம் போதும்.

நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இலையுதிர்காலப் பாடம் தொடங்கப்போவதாக எழுதி, 'யோசனை சொல்லுடி' என்று முடித்திருந்தாய். அதற்காகத்தான் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பரங்கிக்காய் வெட்டி ஒட்டுதல், பரங்கிக்காய்க்கு வண்ணம் தீட்டுதல், புள்ளிகளைச் சேர்த்துப் பரங்கிக்காய். எல்லாமே காகிதம்! விடுதி அறையில் விடிய விடிய சார்ட் ஒட்டிய அதே கலாதான் நீ. அந்தப் பசை டப்பாவை நான் மறக்கவில்லை.

நிஜக் காய் ஒன்று வாங்கி மேசையில் வை. ஒன்று போதும், மூன்று வாரப் பாடம் அதிலேயே இருக்கிறது. 1907இல் ரோம் நகரத்தில் மாண்டிசோரி தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது, குழந்தைகள் கையில் உடையக்கூடிய நிஜப் பீங்கானைக் கொடுத்ததைப் பற்றி எங்களிடம் மணிக்கணக்கில் பேசியவள் நீதானே?

என் வகுப்பில் இப்படித்தான் ஒரு காயை வைத்தேன். முதல் இரண்டு நாள் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், காம்பைப் பிடித்து முறுக்கினார்கள். மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு நூல்கண்டு கொடுத்து, காயின் இடுப்பைச் சுற்ற எவ்வளவு நூல் வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்து வெட்டச் சொன்னேன். ஒருவன் வெட்டிய நூல் இரண்டு சுற்று வந்தது. விட்டதைப் பிடிக்க மறுபடி வெட்டினான், இந்தத் தடவை நாலு விரல்கடை குறைந்தது. மூன்றாவது வெட்டில் சரியாக வந்துவிட்டது.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மூழ்குமா மிதக்குமா என்று கேட்டேன். அத்தனை பேரும் 'மூழ்கிடும்' என்றார்கள். ஒரு கோலிக்குண்டைப் போட்டோம், அடியில் போய் உட்கார்ந்தது. பரங்கிக்காயைப் போட்டோம், மிதந்தது! ஒரு பெண் இரண்டு கையாலும் அதை அமுக்கினாள். கையை எடுத்ததும் மேலே வந்தது. பத்துத் தடவையாவது அமுக்கியிருப்பாள். உள்ளே காற்றிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் நான் கத்தியால் மூடி போல வெட்டித் திறந்தபோது அவளே எட்டிப் பார்த்து, 'உள்ளே வீடு மாதிரி காலியா இருக்கு' என்றாள்.

திறந்தவுடன் எல்லோரும் கையை விடுவார்கள் என்று நினைத்துவிடாதே. அந்த வழவழப்பு சில பிள்ளைகளுக்கு ஆகாது. அவர்களிடம் கரண்டியைக் கொடு, இல்லையென்றால் நாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வெளியிலிருந்து பிசையவிடு. வற்புறுத்தாதே. விதை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள், தொண்டையில் சிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். என் வகுப்பில் ஒருவன் ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிப்பான். அவன் முன்னால் ஏழு விதை வைத்து எண்ணச் சொன்னேன். வாய் ஓடியது, விரல் பின்தங்கியது, பன்னிரண்டில் வந்து நின்றான். 'மொத்தம் எத்தனை?' என்றால் மறுபடி முதலிலிருந்து. உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் எழுதியதைப் படித்தோமே, ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று. தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன், இவன் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. முட்டை அட்டையைக் கொடுத்து, குழிக்கு ஒரு விதை வைக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் ஆறு விதை வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, நிமிர்ந்து பார்த்து 'ஆறு' என்றான். கேள்வியே கேட்காமல்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது கலா.

அன்று மாலைதான் அவன் அம்மா வந்து, 'எப்போது எழுத வைப்பீர்கள்?' என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பயந்து கேட்கிறார். ஆனால் வருஷா வருஷம் இந்தக் கேள்வி முன்னாலேயே வந்துகொண்டிருக்கிறது, அதுதான் என்னை அரிக்கிறது. நாலு வயசில் மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் முழுசாக எலும்பாகியிருக்காது, சில இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைப்பதா? வழுக்கும் விதையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நாரிலிருந்து பிய்த்தெடுப்பது நாளைக்குப் பென்சில் பிடிக்கத்தான் என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

இலைகளைப் பிரிக்கும்போது 'நிறப்படி அடுக்கு' என்று நீ சொல்லாதே, அவர்களே பிரிக்கட்டும். என் வகுப்பில் ஒருத்தி 'ஓட்டை உள்ளது, ஓட்டை இல்லாதது' என்று பிரித்தாள். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்: அது முதலிலிருந்தே இலைக்குள் இருந்தது, பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் புதிதாக உண்டாவது. பரங்கிக்காயும் பழுக்கும்போது பச்சையை விடுகிறது. அதன் ஆரஞ்சும் இலையின் மஞ்சளும் ஒரே நிறமிக் குடும்பம்.

காய் அழுகத் தொடங்கியதும் தூக்கிப்போடச் சொல்வார்கள், இங்கேயும் சொன்னார்கள். ஒரு துண்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி வை, திறக்கவே கூடாது, பூஞ்சை பரவும். ஒருநாள் விட்டு ஒருநாள் படம் வரையச் சொல். வெள்ளைப் பஞ்சு வரும், அப்புறம் கருப்புப் புள்ளி வரும், காய் சுருங்கும். காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஜாடியிடம்தான் ஓடுகிறார்கள்.

நாலு விதையைத் தொட்டியில் ஊன்றினோம். நேற்று ஒன்று முளைத்திருக்கிறது, தலையில் விதைத்தோலை இன்னும் தொப்பி போல மாட்டிக்கொண்டு. 'கழற்றிவிடலாமா?' என்று ஒரு கூட்டம், 'வேண்டாம், அதுவே கழற்றும்' என்று இன்னொரு கூட்டம். இன்னும் தீரவில்லை.

இத்துடன் பத்து விதை காயவைத்து அனுப்புகிறேன். தண்ணீர்த் தொட்டியில் போடும் முன்னால் உன் பிள்ளைகளிடம் மூழ்குமா மிதக்குமா என்று கட்டாயம் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

உன்,
மீனா