ஆவாரையை வேரோடு பிடுங்காதீர்கள்: சாலைப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மார்கழிக் கடைசியில் எங்கள் ஊர்ச் சாலையின் தென்புறம் நடந்த புதர் அகற்றும் பணியைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். பூத்து நின்ற ஆவாரஞ்செடிகளைப் பொக்லைன் வேரோடு வாரிப் பள்ளத்தில் தள்ளியபோது, நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களுக்கு "முட்புதரைத்தானே எடுக்கிறோம்" என்று பதில் கிடைத்தது. ஆவாரைக்கு முள்ளே கிடையாது.

வளைவில் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்குக் கிளைகளை வெட்டிவிட்டால் போதும்; அடியோடு ஒட்ட வெட்டினாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும் செடி அது. வேரைப் பிடுங்கிக் கிளறிய மண்ணிலோ பார்த்தீனியம் என்னும் களைதான் முதலில் ஏறுகிறது. ஆகவே, வெட்டுங்கள், பிடுங்காதீர்கள் என்று கேட்கிறோம்.

எங்கள் கொங்குப் பகுதியில் போகியன்று வீட்டு வாசலிலும் தொழுவத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூ வேண்டும். எங்கள் தெருவில் உள்ள ஓர் ஆத்தா ஆண்டுதோறும் விடியுமுன் சாலையோரம் போய்ப் பூப்பறித்து, பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டிச் சந்தையில் விற்பார். அவருடைய பொங்கல் செலவுக்கு அந்தப் பணம்தான். மற்ற மாதங்களில் பூவை நிழலில் உலர்த்தி நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பார். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத அவருக்கு அந்தச் சாலையோரமே தோட்டமாக இருந்தது. இந்த ஆண்டு பூவைத் தேடிப் பக்கத்து ஊர் வேலிகள் வரை நடந்தார். அங்கே நிலத்துக்காரர்கள் விடவில்லை. ஆவாரம்பூ இல்லாத காப்பை யார் வாங்குவார்கள்? கட்டிய கொத்துகளில் பாதியைச் சந்தையிலேயே போட்டுவிட்டு, பேருந்துக்குக் கொடுத்த காசுகூடத் தேறாமல் திரும்பினார். அவருடைய இழப்பு தங்கள் பணி மதிப்பீட்டின் எந்த வரியில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறோம்.

இலை, பூ, விதை, பட்டை, வேர் என அத்தனையும் சித்த மருத்துவத்தில் பயன்படும் செடி இது. மதுமேகம் எனப்படும் சர்க்கரை நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தரும் ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயத்துக்கும் இதுவே முக்கியப் பொருள். தோல் பதனிடப் பட்டையைக் கொடுத்ததும் இதுதான். யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், கோடையிலும் சாலையோர மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளியை நட்டு லாரியில் தண்ணீர் ஊற்ற நிதி இருக்கிறது. தானே வளர்ந்ததைப் பிடுங்கவும் நிதி இருக்கிறது. பந்தல் போட்டு நடும் மரக்கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று திரும்பிப் பார்க்க மட்டும் ஆளில்லை. இவற்றையெல்லாம் வேறொரு மடலில் விரிவாக எழுத வேண்டும்; இப்போது எங்கள் வேண்டுகோள் ஆவாரையைப் பற்றியது மட்டுமே.

சாலையின் வடபுறத்துக்கும் எந்திரம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பாக, பார்வையை மறைக்கும் வளைவுகளில் மட்டும் கிளைகளை வெட்டும்படியும், வேரைத் தொடக் கூடாது என்றும், மார்கழியில் இந்தப் பணியை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒப்பந்ததாரருக்குத் தரும் பணி ஆணையிலேயே எழுதித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்தச் செடி ஆவாரை என்று காட்ட ஆள் வேண்டுமென்றால், எங்கள் ஊர்ப் பெண்கள் எந்திரத்தோடு கூடவே நடந்து வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அந்தச் சாலையோர ஊர் மக்களில் ஒருவன்