ஹெலிகேம் பிள்ளைகளுக்கு எல்லைக்கோட்டை யார் காட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்கள் வருகையையொட்டி டிரோன்கள் பறக்கத் தடை என்ற காவல்துறை அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது பார்க்கிறேன். இரண்டு நாள் தடை ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. விமானப்படைத் தளங்களைச் சுற்றி ஆண்டு முழுவதும் இருக்கும் தடைதான் யாருக்கும் தெரியவில்லை. சூலூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஸ்டூடியோக்காரன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் டிரோனை ஹெலிகேம் என்றுதான் சொல்வோம். தேதி சொல்ல வரும் பெண்வீட்டார், ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன்பே "ஹெலிகேம் உண்டுதானே?" என்கிறார்கள். விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் இந்த மண்டபத்தில் முடியாது என்றால் அடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போய்விடுகிறார்கள். போகட்டும். காசுக்குப் பறக்கவிடும் எங்களுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ், அதாவது டிரோன் இயக்குவதற்கான சான்றிதழ், கட்டாயம். அந்தப் பயிற்சியிலாவது வான்வெளி வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என் கவலையெல்லாம் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் பிள்ளைகளைப் பற்றியது.

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. சலுகையில் தவறில்லை. ஆனால் அது "சின்ன டிரோனுக்குத் தடையே கிடையாது" என்று ஊரில் உருமாறிவிட்டது. சான்றிதழ் வேறு, வான்வெளி வேறு. விமானப்படைத் தளம் போன்ற இடங்களைச் சுற்றியுள்ள சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்பது உள்ளங்கையில் அடங்கும் கருவிக்கும் சேர்த்துத்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று கல்லூரி மாணவர்கள், தாங்களே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய டிரோனைக் குளக்கரையில் பறக்கவிட்டார்கள். யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். அழைத்துவரப் போனவர்களில் நானும் ஒருவன். "அண்ணா, எடை குறைவுதான், அனுமதி வேண்டாம் என்று வீடியோவில் சொன்னார்களே" என்று ஒருவன் கண்கலங்கினான். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தளத்தைப் படமெடுத்திருந்தால் 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் வரை போயிருக்கும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை, ஏற்கெனவே பயந்துபோயிருந்தார்கள்.

"400 அடிக்குக் கீழேதானே பறக்கிறோம்" என்பது இன்னொரு சமாதானம். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் அது சரி. ஆனால் வழக்கமான சரிவில் தரையிறங்கும் விமானம், ஓடுதளத்துக்கு 2 கிலோமீட்டர் முன்பே ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. 400 அடி என்பது 120 மீட்டர். ஆக, பையன் பத்திரமான உயரம் என்று நினைப்பது விமானம் இறங்கிவரும் உயரமாகவே இருக்கலாம். 2018 முதல் சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் போர் விமானத்துக்கு ஒரே இன்ஜின். அந்த இன்ஜினுக்குள் பாட்டரியோ மோட்டாரோ புகுந்தால் என்ன ஆகும் என்று விமானிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் மூலம் குண்டு வீசப்பட்டது. 2025 மே மாதத்தில் மேற்கு எல்லையில் நூற்றுக்கணக்கான டிரோன்கள் ஏவப்பட்டன. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் காவல் கோபுரத்தில் நிற்கும் சிப்பாய்க்கு மேலே தெரிவது ஒரு புள்ளி. அது விளையாட்டா வினையா என்று கீழேயிருந்து சொல்ல முடியாது. விவரம் தெரியாத பிள்ளைகளின் டிரோன்கள் வானத்தில் குறைந்தால்தான் விவரம் தெரிந்தே வருகிறவன் கண்ணில் படுவான். தடை உத்தரவைக் காகிதத்தில் போட்டுவிட்டால் அது நடந்துவிடாது. டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. கல்யாண மண்டபங்களில் ஹெலிகேம் நின்றுவிட்டதா என்ன?

மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில், எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய வரைபடம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது பயன்படுகிறது. சூலூரிலும் தஞ்சாவூரிலும் அரக்கோணத்திலும் தாம்பரத்திலும் தளங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் நுழைவாயிலில், "இது சிவப்பு மண்டலம், எந்த டிரோனும் பறக்கக் கூடாது" என்று தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? டிரோனும் உதிரிபாகங்களும் விற்கும் கடைக்காரர், அந்த ஊர் எந்த மண்டலம் என்று பில்லோடு ஒரு துண்டுத்தாளைச் சேர்த்துக் கொடுக்கட்டும். மாவட்ட நிர்வாகம் பச்சை மண்டலத்தில் ஒரு புறம்போக்கு நிலத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்கு ஒதுக்கட்டும். இங்கே கூடாது என்று சொல்லும்போது எங்கே கூடும் என்றும் சொன்னால்தானே பையன்கள் கேட்பார்கள்?

விமானப்படையினரோ காவல்துறையினரோ இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க முன்வந்தால், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் எங்கள் ஸ்டூடியோ மாடி காலியாகத்தான் இருக்கிறது. குளக்கரைப் பையன்கள் மூவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்,
சூலூர், கோயம்புத்தூர் மாவட்டம்.