கணக்கு டீச்சருக்கு

அன்புள்ள கணக்கு டீச்சர்,

உன் மெயிலைப் படித்தேன். பேத்தியின் சளி, மகனின் வீட்டு லோன், பெங்களூரு கே.ஆர்.புரம் பாலத்தில் நகராமல் நிற்கும் வண்டிகள் என்று எல்லாருடைய சங்கதியையும் விலாவாரியாக எழுதிவிட்டு, உன்னைப் பற்றி மட்டும் கடைசியில் ஒற்றை வரி. "எனக்கென்ன, பொழுது போகிறது, இனிமேல் என்ன இருக்கிறது." அந்த வரிக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சளிக்கு நீயே கஷாயம் வைத்திருப்பாய், லோனுக்கு என்னிடம் வைத்தியம் கிடையாது.

முதலில் என் கதை. நான் இப்போது வள்ளி கும்மி ஆடுகிறேன், ஆமாம், வள்ளி முருகன் கதைக்குக் கை தட்டி ஆடுகிற நம் கொங்குக் கும்மிதான். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, என் வீட்டுக்காரரும் ஆரம்பத்தில் விழுந்து விழுந்து சிரித்தார், இப்போது ஷேவ் செய்யும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார்.

உனக்குத்தான் தெரியுமே, 2020 ஜனவரி 31-ஆம் தேதி பிஎஸ்என்எல்லில் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விஆர்எஸ் என்கிற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், இரண்டு மாதம் முடிவதற்குள் ஊரையே பூட்டிவிட்டார்கள். காசிக்குப் போகலாம், தையல் கற்கலாம் என்று போட்ட திட்டமெல்லாம் போச்சு. வீட்டில் மூன்று வேளைக்கு நான்கு வேளை சமைத்தேன். அவரும் ரிட்டயர்டு, நானும் ரிட்டயர்டு, ஆனால் பேப்பர் படிக்கிறது அவர், பாத்திரம் கழுவுகிறது நான். இதில் யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் அம்மாவும் அப்படித்தான் இருந்தார், என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். பெண்பிள்ளைக்கு வயசாகிவிட்டால் அவள் நேரம் ஊர் கிணறு, யார் வேண்டுமானாலும் வாளியை விடலாம்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்துத் தெரு அக்கா வந்து, கோயில் திடலில் கும்மி சொல்லித்தரப் போகிறார்கள், வயசு வித்தியாசம் கிடையாது, வருகிறாயா என்று கேட்டார். நம் பக்கத்தில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் இதுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு லைட்டைப் போட்டு மைக்கைக் கட்டிவிடுவார்கள். வாத்தியார் நடுவில் நின்று வள்ளி கதையைப் பாடப் பாட, நாங்கள் சுற்றி வட்டமாக ஆட வேண்டும். வலது காலை முன்னால் வைத்துக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அப்படியே அரைச் சுற்று திரும்பிப் பின்னால் வருகிறவளைப் பார்த்து ஒரு தட்டு, மறுபடி பழைய திசை. எழுத்தில் சுலபமாகத்தான் இருக்கிறது. எனக்கு மூன்றாவது தட்டில் திசை மாறிவிடும், எல்லாரும் கிழக்கே போனால் நான் மேற்கே போய்க்கொண்டிருப்பேன். ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி, "அம்மிச்சி, அங்கயில்லீங்க, இங்க" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பி விடுவாள். வாத்தியாருக்கு இரக்கமே கிடையாது. "நீலச் சீலை அம்மிணி, காலு எங்க போகுது?" என்று மைக்கிலேயே கேட்டுவிடுவார், பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

உனக்கு எழுத வந்த விஷயமே இதுதான்: அந்தத் திட்டு வாங்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! எத்தனையோ வருஷமாக என்னை யாரும் எதையும் கற்றுக்கொள்ளச் சொன்னதே இல்லை. வீட்டில் எல்லாம் தெரிந்தவள் நான்தான். சாம்பாருக்கு உப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், வளைகாப்புக்கு என்ன சீர், போன தடவை அவர்கள் நமக்கு எவ்வளவு மொய் வைத்தார்கள், எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எல்லாம் தெரிந்தவளாகவே இருப்பது என்ன பாரம் என்று, ஒன்றும் தெரியாமல் அந்தத் திடலில் நின்றபோதுதான் தெரிந்தது. உன் கதை இன்னும் மோசம், முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் போர்டுக்கு இந்தப் பக்கமே நின்றவள் நீ.

வள்ளி கும்மியை முன்னெல்லாம் ஆண்கள்தான் ஆடுவார்களாம். பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்று நம் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவைச் சொல்கிறார்கள், 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. இன்றைக்குக் கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள்தான், அதிலும் பாதிப் பேருக்கு என்னைப் போல முடி நரைத்துவிட்டது. கதையில் எனக்குப் பிடித்த இடம் முருகன் கிழவனாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கொடு என்று வள்ளியிடம் நடிக்கிற இடம். ஆண் கிழவனானால் அதுகூட லீலை. இதை நான் சொன்னபோது வரிசையே குலுங்கிச் சிரித்து ஆட்டம் நின்றுபோய், அன்றைக்கும் மைக்கில் திட்டு.

எங்கள் வரிசையில் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார மாட்டார், யாரும் சொல்ல வேண்டாம், தானாகவே பின்னால் போய்விடுவார். ஒரு கோயில் விசேஷத்துக்கு ஆடப் போனபோது எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சேலை, ஒரு தட்டில் மல்லிகைச் சரம் நறுக்கி வைத்திருந்தார்கள். அவருக்கு யார் கொடுப்பது, கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் கண்ணாலேயே பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் பாட்டுக்கு ஒரு சரத்தை எடுத்துக் கொண்டையில் வைத்து, வாயில் கடித்திருந்த ஊசியைக் குத்திக்கொண்டு வந்து நின்றுவிட்டார். வாத்தியாருக்கு உயரம்தான் கணக்கு, குள்ளமானவர் முன்னால் என்று அவரை முதல் ஆளாக நிறுத்தினார். ஒரு பாட்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த தட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும், திரும்பினார்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. சில இடங்களில் இந்தக் கும்மியைச் சாதிப் பெருமை பேசவும் பிடித்துக்கொள்கிறார்கள், நம் பிள்ளைகள் யாரைக் கட்ட வேண்டும் என்றெல்லாம் மேடையில் சத்தியம் வாங்கினால் எனக்கு எரிச்சல்தான் வரும். குறவர் வீட்டில் வளர்ந்த பெண்ணைத் தேடி மலையேறி வந்த சாமி கதையைப் பாடிவிட்டு அந்தப் பேச்சு எப்படித்தான் வாயில் வருகிறதோ. எங்கள் திடலில் அது கிடையாது, வந்தால் நான் போக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முட்டியைப் பற்றிக் கேட்பாய். வலி இருக்கிறது. எலும்பு டாக்டரிடம் போனேன், தொடைத் தசை வலுவாக இருந்தால்தான் முட்டிக்குப் பாரம் குறையும், உட்கார்ந்தே இருந்தால் தசை கரைந்துவிடும், ஆடுங்கள், ஆனால் குதிக்கவும் முழங்கால் போட்டு உட்காரவும் வேண்டாம் என்றார். அதனால் எல்லாரும் மண்டியிடும் இடத்தில் நான்கைந்து பேர் நின்றபடியே கை தட்டுகிறோம். எங்களுக்கு நொண்டிக் கோஷ்டி என்று பேர்.

வேறு ஊரில் பயிற்சி என்றால் டவுன் பஸ்ஸில் போய்விடுகிறோம். 2021-லிருந்து இங்கே சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதை இளசுகள் வேலைக்குப் போகிற கணக்கில்தான் பேசுகிறார்கள். வயசான பெண்களுக்கு அது வேறு விஷயம். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எவ்வளவு வேண்டும் என்று கேட்க ஆளில்லாமல் வாசலைத் தாண்டலாம். காரணமே இல்லாமல் பேரூருக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருகிற கிழவிகள் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? ஓசி என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், எத்தனை வருஷம் சம்பளம் இல்லாமல் உழைத்திருக்கிறோம்.

நீ உடனே சொல்வாய், அதற்கெல்லாம் பாப்பம்மாள் பாட்டி மாதிரி, நானம்மாள் பாட்டி மாதிரி பிறக்க வேண்டும் என்று. தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் நூறைத் தாண்டியும் வயலில் இறங்கினார், 2021-ல் பத்மஸ்ரீ, 2024 செப்டம்பரில் காலமானார். கணபதி நானம்மாள் தொண்ணூறு தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தார், 2018-ல் பத்மஸ்ரீ. பெரியவர்கள்தான், கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் சின்ன வயசில் பிடித்ததை விடவே இல்லை. பாப்பம்மாள் தன் பாட்டி வைத்த மளிகைக் கடையில் நின்று, அதில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கினவர். நானம்மாள் சிறுமியாக இருந்தபோதே ஆசனம் போட ஆரம்பித்தவர். நமக்கு அந்தக் கதை பொருந்தாது, நாம் பிடித்ததெல்லாம் பாதியில் விட்டவர்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கம் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேர். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டுக் கார்த்தியாயினி அம்மா, 2018-ல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். கொல்லத்துப் பாகீரதி அம்மா, ஒன்பது வயதில் அம்மா இறந்துபோகத் தம்பி தங்கைகளைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தை விட்டவர், 2019-ல் 105 வயதில் நாலாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதி 275-க்கு 205 வாங்கினார். அந்த வயசில் நாலாங்கிளாஸ் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு வேலைக்கா போகப்போகிறார்? ஒன்பது வயசில் கீழே வைத்த சிலேட்டை நடுவில் எவ்வளவோ குடும்பம் நடத்திவிட்டு மறுபடி எடுத்தார், அவ்வளவுதான். நீ பேப்பர் திருத்துகிறவள், 98-ஐவிட அந்த 205 உனக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியைப் பார்த்துக்கொள்வதை விடு என்று நான் சொல்லவில்லை, விடவும் மாட்டாய். அது சந்தோஷம்தான். ஆனால் அது ஒன்றே உனக்குப் போதும் என்று முடிவு செய்தது நீயில்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை நான் இருக்க மாட்டேன் என்று மகனிடம் சொல். மருமகளிடம் சொல்லிவிடாதே, பாவம், அவளும் ஆபீஸிலிருந்து வந்து அடுப்படிக்குத்தான் போவாள், சுமையை ஒரு பெண் தலையிலிருந்து இன்னொரு பெண் தலைக்கு மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை. உன் மகன் வீட்டிலிருந்து வேலை செய்கிறான்தானே, ஒன்றரை மணி நேரம் அவன் பிள்ளையை அவன் பார்க்கட்டும்.

அந்த நேரத்தில் கன்னடம் படி. மூன்று வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், பஸ் போர்டு படிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். பேத்திக்குப் பள்ளியில் கன்னடம் உண்டு, அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவளையே சொல்லித்தரச் சொல். நமக்கு ஒரு 'க' போதும், அங்கே நான்கு, நீ கட்டாயம் தப்பாகச் சொல்வாய், அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அனுபவம் உனக்கு வேண்டும். கன்னடம் பிடிக்கவில்லை என்றால் நீச்சல், கீபோர்டு, என்னவோ ஒன்று, ஆனால் உனக்குத் துளியும் தெரியாததாக இருக்க வேண்டும், அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே, கோபம் வரும். நாம்தான் முதல் பிளஸ் டூ பேட்ச், புதுப் பாடத்திட்டத்தை நம்மை வைத்துத்தானே சோதித்துப் பார்த்தார்கள், இதையும் எழுதிப் பார்ப்போம்.

அங்கேயும் 2023 ஜூனிலிருந்து சாதா பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால் கர்நாடக விலாசம் போட்ட அட்டை வேண்டும். உன் ஆதாரில் இன்னும் பொள்ளாச்சி விலாசம்தானே இருக்கிறது? முதலில் அதை மாற்று.

தை மாதம் எங்களுக்கு முறையான அரங்கேற்றம். கடைசிச் சுற்றில் பார்க்க வந்தவர்களும் இறங்கி ஆடலாம், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. சேலை இளம்பிள்ளையில் மொத்தமாக எடுக்கிறோம், மாம்பழ மஞ்சளா கிளிப்பச்சையா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை, நான் பச்சைக் கட்சி. உனக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால்தான் ஆர்டரில் சேர்க்க முடியும்.

உன் பழைய பெஞ்சுக்காரி