பழைய காரின் பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் தரும் விதி 2021இல் வந்தது. பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் புது நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள்; பழைய பெயின்டை எப்படி எடுப்பது என்று பேசுவதில்லை. வேலை கெடுவதும் உடம்பு கெடுவதும் அங்கேதான்.

அந்தக் காலத்துப் பெயின்டிலும் அதன் அடிப்பூச்சான பிரைமரிலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். கிரைண்டரால் காயத் தேய்த்தால் அது மாவாகப் பறந்து, தொழிலாளியின் சட்டையில் ஏறி, வீட்டில் தவழும் குழந்தைவரை போகும். தீச்சுடர் வீசும் புளோ லாம்ப்பால் சுட்டால் ஈயப் புகை கிளம்பும், தகடும் நெளியும்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் போல்ட்டில் நிற்கும் பாடி அது. பானெட், கதவு, டிக்கி மூடி மூன்றையும் கழற்றிப் படுக்கவைத்தே வேலை செய்யலாம். சேசிஸ் எண் உள்ள இடத்தில் கிரைண்டரோ வயர் பிரஷோ படவே கூடாது. எண் மங்கினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது.

முதலில் ஓர் ஓரத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணிக்கு வந்தால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர்; தின்னரும் ஸ்கிரேப்பருமே பெரும்பகுதியை எடுத்துவிடும். சுருங்கி எழும்பினால் சாதா எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் சூட்டில் வாட்டிய பெயின்ட் அல்லது ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே; அதற்குப் பெயின்டை இளக்கி எடுக்கும் ரிமூவர் வேண்டும். ரிமூவரைக் கெட்டியாக, ஒரே திசையில் பூச வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் மேலே படியும் மெழுகுப் படலம் உடைந்து சரக்கு ஆவியாகிவிடும். பாலித்தீன் தாளால் மூடி 15 முதல் 20 நிமிடம் விட்டுச் சுரண்டலாம். தகட்டு இணைப்புகளை ஒட்டி ஓர் அங்குலம் பூசாமல் விடுங்கள். இடுக்கில் புகுந்த ரிமூவர் மாதங்கள் கழித்துக் கசிந்து புதுப் பெயின்டைத் தூக்கிவிடும். அந்த ஓர் அங்குலத்தை 80 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துக் கையால் எடுத்து, உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.

மெத்திலீன் குளோரைடு ரிமூவர் வேகமானது, ஆனால் ஆபத்தானது. மூச்சில் போனது உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய ஷெட்டில் தரையோடு தங்கிவிடும். பட்டறையில் போடும் நைட்ரைல் ரப்பர் கையுறையை இந்த ரிமூவர் சில நிமிடங்களில் ஊடுருவும். துணி மாஸ்க் அதன் ஆவியைத் தடுக்காது. திறந்தவெளி இல்லாதவர்கள் பென்சைல் ஆல்கஹால் வகையை வாங்கட்டும். பல மணி நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான்.

மணல் அடிப்பதைப் பலர் சுலபவழி என்று நினைக்கிறார்கள். சாதாரண மணலின் தூசு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவரும். பானெட் போன்ற மெல்லிய தகடு ஒரு பக்கம் மட்டும் அடிவாங்கி விரிவதால் உப்பிக்கொள்ளும். பிறகு எந்த டிங்கராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இரும்பு வெளியே வந்ததும் 180 நம்பர் எமரியால் காய ஓட்டி, கிரீஸ் ரிமூவரால் துடைத்து, வெறுங்கை படாமல் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். கடலோர ஊரில் ஓர் இரவு விட்டாலே செந்துரு பூத்துவிடும். பள்ளத்தை நிரப்பும் பட்டி அந்தப் பிரைமருக்கு மேல்தான். பாலியெஸ்டர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது உறிஞ்சிய ஈரம் பின்னால் கொப்புளமாக எழும்.

வீட்டு, அலங்காரப் பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக்கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாகனப் பெயின்ட் அதில் வரவில்லை. மத்திய அரசு அதையும் சேர்க்க வேண்டும். சுரண்டிய பெயின்டைச் சாக்கடையில் தள்ளாமல் சிறு பட்டறைகள் கொண்டுபோய்க் கொடுக்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஊருக்கு ஓர் இடமாவது ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், சென்னை