மகுட வரிசையைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மிஸ் நியூயார்க் மாநில அழகிப் போட்டியின் வரலாற்றையும், அங்கே பட்டம் பெற்றுப் பின்னர் மிஸ் அமெரிக்கா மகுடம் சூடிய பெண்களின் கதையையும் நம் சங்க மலரில் ஐந்து பகுதிகளாக எழுதி முடித்துவிட்டேன். பாராட்டுகள் எல்லாம் என் பெயருக்கே வந்தன. ஆனால், அக்கட்டுரைகளில் பிழையில்லாமல் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் பிறர் திருத்திக் கொடுத்தவை. தங்கள் பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், யார் என்று சொல்லாமல், எதைத் திருத்தினார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, பழைய செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருள்களை எனக்காக நாள்கணக்கில் தேடி எடுத்துத் தந்த நூலகருக்கு. நான் கொண்டுபோன பட்டியலில் டானி காடினை ‘மிஸ் நியூயார்க் 1976’ என்று எழுதியிருந்தேன். அவர் பென்சிலை எடுத்து, தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, மாநிலப் பட்டத்தின் ஆண்டை ஒரு பக்கமும் தேசியப் பட்டத்தின் ஆண்டை மறுபக்கமும் எழுதச் சொன்னார். 1950 செப்டம்பரில் மகுடம் சூடியவருக்கு ‘மிஸ் அமெரிக்கா 1951’ என்று பெயர் வைத்தார்கள். அதனால் 1950ஆம் ஆண்டின் பெயரில் மிஸ் அமெரிக்கா ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து மாநிலப் பட்டம் ஓர் ஆண்டையும் தேசியப் பட்டம் அடுத்த ஆண்டையும் தாங்குகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த டானி காடின் மிஸ் நியூயார்க் 1975, மிஸ் அமெரிக்கா 1976. இதோடு குழப்பம் தீர்ந்தது என்று நினைத்தேன், தீரவில்லை. நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் செப்டம்பரில் நடந்துவந்த மிஸ் அமெரிக்கா இறுதிப் போட்டி, இடையில் சில ஆண்டுகள் லாஸ் வேகாஸில் ஜனவரி மாதத்தில் நடந்து, 2013 செப்டம்பரில் மறுபடியும் அட்லாண்டிக் சிட்டிக்குத் திரும்பியது. அதனால்தான் 2013 ஜனவரி 12 அன்று மேலரி ஹேகனும், அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று நீனா தவுலூரியுமாக, இரண்டு நியூயார்க் பெண்கள் ஒரே ஆண்டுக்குள் மகுடம் சூடினார்கள். அடுத்த ஆண்டு கிரா கசான்ட்செவும் வென்றபோது, ஒரே மாநிலம் தொடர்ந்து மூன்று முறை வென்ற பெருமை நியூயார்க்குக்குக் கிடைத்தது. அந்தப் பென்சில் கோடு இல்லாவிட்டால் இதில் பாதியை நான் தலைகீழாக எழுதியிருப்பேன்.

இரண்டாவது நன்றி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவருக்கு. முதல் பகுதியைத் தன் மருமகளை விட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டவர், அன்று மாலையே தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பெஸ் மயர்சனை ‘மிஸ் நியூயார்க் மாநிலம்’ என்று எழுதியது தவறு, அவர் ‘மிஸ் நியூயார்க் சிட்டி’ என்றார். அது உண்மைதான். அக்காலத்தில் மாநிலங்களோடு சில பெரு நகரங்களும் தனியே ஆள் அனுப்பின. ஜப்பானின் சரணாகதி கையெழுத்தாகி ஆறே நாள் கழிந்த 1945 செப்டம்பர் 8 அன்று மகுடம் சூடிய மயர்சன், பிராங்க்ஸில் வாழ்ந்த ஒரு யூதப் பெயின்டரின் மகள், ஹண்டர் கல்லூரியில் இசை படித்துப் பட்டம் பெற்றவர். மேடையில் பியானோவும் புல்லாங்குழலும் வாசித்தார். அந்த ஆண்டுதான் வென்றவருக்கு முதன்முறையாக 5,000 டாலர் கல்வி உதவித்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. போட்டியை நடத்திய லெனோரா ஸ்லாட்டர், யூதப் பெயர் என்று தெரியாதபடி ‘பெத் மெரிக்’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னபோது மயர்சன் மறுத்துவிட்டார். மகுடம் சூடிய பிறகும் யூதப் பெண் என்பதற்காகச் சில விளம்பரதாரர்கள் அவரை ஒதுக்கினார்கள். அவரும் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு, வெறுப்புக்கு எதிராகப் பள்ளிகளில் பேசப் புறப்பட்டார். பின்னாளில் நியூயார்க் நகர நுகர்வோர் துறை ஆணையராகவும் பணியாற்றினார். இவற்றையெல்லாம் நான் புத்தகங்களில் படித்திருந்தேன். ஆனால் அந்த வெற்றி தன் தெருவில் எப்படிக் கொண்டாடப்பட்டது என்று அந்த முதியவர் ஒரு மணி நேரம் சொல்லக் கேட்ட பிறகுதான், நான்கு வரியில் முடித்திருந்த பகுதியை இரண்டு பக்கமாக விரித்து எழுதினேன்.

என் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் நுழைந்திருந்ததைக் கண்டுபிடித்தவர் நண்பரின் மகள். மிஸ் அமெரிக்காவுக்குப் போகும் ‘மிஸ் நியூயார்க்’ வேறு, மிஸ் யூஎஸ்ஏ என்ற தனிப் போட்டிக்குப் போகும் ‘மிஸ் நியூயார்க் யூஎஸ்ஏ’ வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. 1950இல் வென்ற அலபாமா அழகி யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் ஊர் ஊராகக் காட்சி தர மறுத்ததும், நீச்சலுடை நிறுவனமான கேட்டலினா கோபித்துக்கொண்டு வெளியேறி 1952இல் மிஸ் யூஎஸ்ஏ, மிஸ் யூனிவர்ஸ் போட்டிகளைத் தொடங்கியதும்தான் இந்த இரட்டை வரிசைக்கு மூலம். ஒரு பெண் ‘மாட்டேன்’ என்று சொன்னதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு அழகிகள் கிடைத்தார்கள். கல்லூரித் தேர்வுக்கு நடுவே இதைத் தேடித் தந்த அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு விருந்து கடன்பட்டிருக்கிறேன்.

போட்டிப் பெண்களுக்கு முப்பது ஆண்டுகளாக உடை தைத்த ஒரு தையற்கலைஞர் இல்லாவிட்டால் மூன்றாம் பகுதியே இல்லை. மேடையில் அணியப் போகும் செருப்பைப் போட்டு நிற்க வைத்துத்தான் கவுனின் விளிம்பை அளக்க வேண்டும் என்பதும், நடக்கும்போது நீச்சலுடை மேலேறாமலிருக்க உடம்பில் ஒட்டுப்பசையைத் தெளிப்பார்கள் என்பதும், உதடு ஒட்டாமல் சிரித்துக்கொண்டே இருக்கப் பல்லில் வாசலின் தடவுவார்கள் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தவை. நீச்சலுடைச் சுற்று ஒழிக்கப்பட்ட பின் நடந்த முதல் போட்டியில், 2018 செப்டம்பரில், ஓபரா பாடி வென்றவர் மிஸ் நியூயார்க் நியா ஃபிராங்க்ளின். அந்தச் சுற்று போனதில் வருத்தமா என்று கேட்டேன். பசை வாடையிலிருந்து தப்பித்தேன் என்று சிரித்தார்.

மலரின் ஆசிரியரோடு நான் சண்டை போட்ட இடம் ஒன்று உண்டு. வனெசா வில்லியம்ஸ் பற்றிய பகுதியில் ‘பட்டம் பறிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘விலகினார்’ என்று மாற்றினார். சொல்லழகுக்காக நான் வாதாடினேன். உண்மை அவர் பக்கம் இருந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழக மாணவியாக இருந்து, 1983இல் மிஸ் நியூயார்க் ஆகி, அதே ஆண்டு செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா மகுடம் சூடிய முதல் கறுப்பினப் பெண் அவர். முன்பு எடுக்கப்பட்ட நிர்வாணப் படங்களை அவருடைய சம்மதமின்றி ஒரு பத்திரிகை வெளியிட்டபோது, மிஸ் அமெரிக்கா அமைப்பின் வற்புறுத்தலால் 1984 ஜூலையில் அவரே பதவி விலகினார். எஞ்சிய ஏழு வாரங்களுக்கு, அவரைப் போலவே கறுப்பினத்தவரான மிஸ் நியூஜெர்சி சுசெட் சார்லஸ் மகுடம் சூடினார். பாடகியாகவும் நடிகையாகவும் உயர்ந்த வில்லியம்ஸை 2015இல் நடுவராக அழைத்து, அதே மேடையில் அமைப்பின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ‘பறிக்கப்பட்டது’ என்ற சொல்லில் அவர் குற்றவாளியாகத் தெரிகிறார். ‘விலகினார்’ என்பதில் அவரை விலக வைத்தவர்களும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இதைப் புரியவைத்த ஆசிரியருக்குத் தாமதமான நன்றி.

அழகிப் போட்டியைப் பற்றிச் சங்க மலரில் எழுதுவதே கேவலம் என்று கடுமையாகக் கடிதம் எழுதிய பேராசிரியை ஒருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். 1968 செப்டம்பர் 7 அன்று ‘நியூயார்க் ராடிகல் விமன்’ என்ற பெண்ணிய அமைப்பினர் அட்லாண்டிக் சிட்டிக்குச் சென்று மிஸ் அமெரிக்கா போட்டியை எதிர்த்து நடத்திய போராட்டத்தை நான் ஒரே வரியில், அதுவும் ‘உள்ளாடைகளை எரித்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். அன்று எதுவும் எரிக்கப்படவில்லை, இடுப்புக் கச்சைகளையும் குதிகால் உயர்ந்த செருப்புகளையும் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார்கள், ஓர் ஆட்டுக்கு மகுடம் சூட்டினார்கள் என்று அவர் திருத்தினார். அவருடைய எதிர்ப்பை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனால் வெள்ளை இனத்தவர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று ஒரு காலத்தில் விதி இருந்ததையும், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த ஷெரில் பிரௌன் 1970இல் மிஸ் அயோவாவாகச் சென்றபோதுதான் முதல் கறுப்பினப் போட்டியாளர் அந்த மேடை ஏறினார் என்பதையும் நான் சேர்த்தது அவர் கடிதத்துக்குப் பிறகுதான்.

கடைசியாக, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு. நீனா தவுலூரியின் குடும்பப் பெயரை நான் மூன்று விதமாக எழுதியிருந்தேன். அவர் தன் வாயால் சொல்லிக் காட்டிச் சரிசெய்தார். சிரக்யூஸில் பிறந்து, அந்நகரின் பட்டத்தோடு மாநிலப் போட்டிக்கு வந்து, இந்திய வம்சாவளியில் முதல் மிஸ் அமெரிக்காவான நீனாவின் பெற்றோர் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். வென்ற இரவே அவரை அரபி என்றும் பயங்கரவாதி என்றும் டிவிட்டரில் ஏசியதை நான் விரிவாக எழுதியிருந்தேன். தெலுங்கு அம்மா படித்துவிட்டு, “அவங்க ஏசினதை எழுதினீங்க, நம்ம ஆளுங்க பேசினதை எழுதலையே?” என்று கேட்டார். இந்த நிறத்தோடு இந்தியாவில் போட்டியிட்டிருந்தால் இவள் முதல் சுற்றையே தாண்டியிருக்க மாட்டாள் என்று நம் ஊரில் எழுந்த பேச்சைத்தான் சொன்னார். நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களுக்கு எதிராக நீனா பின்னர் குரல் கொடுத்ததும் அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். அந்தப் பத்தி ஐந்தாம் பகுதியில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

அவர் இரவல் தந்த நிகழ்ச்சிக் கையேடுகளும் செய்தித்தாள் நறுக்குகளும் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், அம்மா. 87ஆம் பக்கத்தில் காபி சிந்தியது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கட்டுரைத் தொடரை எழுதியவர்