பெயர் போடாதீங்க என்று சொன்னவர்களுக்கு

அன்புத் தம்பி தங்கைகளே,

நீங்கள் கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே, "அக்கா, நன்றின்னு எதுவும் எழுதிடாதீங்க, எழுதினாலும் எங்க பெயர் போடாதீங்க" என்று சொல்லிவிட்டீர்கள். பெயர் போடவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தக் காலத்து வாலிபப் பிள்ளைகளிடம் பக்தி எங்கே இருக்கிறது, எல்லாம் மேடையும் கைபேசியும்தான் என்று சபைப் பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியவள் நான். உங்களுக்கு வேதபாடம் நடத்திக்கொண்டே தலையாட்டினேன். அதை எல்லோர் முன்பும் செய்தேன், அதனால் இதையும் எல்லோர் முன்பும் சொல்லியாக வேண்டும்.

அப்பா பக்கவாதம் வந்து விழுந்து ஆஸ்பத்திரியில் 23 நாள் இருந்தார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். புரட்டிப் படுக்கவைக்க, தூக்கி உட்காரவைக்க ராத்திரியில் ஓர் ஆண் துணை இருந்தால் நல்லது என்று வார்டில் சொன்னபோது யாரைக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை, உண்மையில் நான் யாரையும் கேட்கவும் இல்லை. இந்த வாரம் வகுப்பு நடக்காது என்று காரணத்தோடு ஒரு வரி அனுப்பினேன், அவ்வளவுதான். நீங்கள் என்னைச் சேர்க்காமலேயே தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, எந்த ராத்திரி யார் என்று பட்டியல் போட்டு, அன்று இரவே முதல் ஆளை அனுப்பிவிட்டீர்கள். கைபேசியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

முதல் இரவு வந்தவன் டிரம்ஸ் வாசிக்கிற தம்பி. ஆராதனையில் டிரம்ஸ் வேண்டாம் என்று ஒரு வருடம் நிறுத்திவைத்த மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர், என் அப்பாதான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்கும் தெரியும். அவன் உடை மாற்றிவிடப் போனபோது அப்பா இடது கையால் தள்ளிவிட்டார். அவன் திரைக்கு வெளியே வந்து சற்று நேரம் நின்று, பிறகு திரும்பவும் போய், "தாத்தா, கண்ணை மூடிக்கோங்க, சீக்கிரம் முடிச்சிடறேன்" என்றான். சீஷர்களின் கால்களைக் கழுவ வந்த இயேசுவிடம், நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்று பேதுரு மறுத்ததை எத்தனையோ முறை வகுப்பில் பேசியிருக்கிறேன். கழுவுகிறவரின் தாழ்மையைத்தான் சொல்வேன். கழுவ விடுவதற்கும் தாழ்மை வேண்டும் என்பது அப்பா கண்ணை மூடிக்கொண்டபோதுதான் எனக்குப் புரிந்தது. டிரம்ஸ் விஷயத்தை இன்றுவரை அவன் எங்களிடம் பேசவில்லை. தம்பி, அப்பா சார்பாக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நாளாகும்.

இன்னொருவனுக்கு, நீ யார் என்று உனக்கே தெரியும். மூன்றாவது வாரம், எனக்குக் கொஞ்சமும் தெம்பு இல்லாத ஒரு ராத்திரி, ஜெபம் பண்ணு தம்பி என்று உன்னைக் கேட்டேன். "எனக்கு இப்போ கொஞ்ச நாளா ஜெபமே வரலை அக்கா, நம்பிக்கை இருக்கான்னுகூடத் தெரியலை, சும்மா கூட உட்காரட்டுமா?" என்றாய். அழகான வார்த்தைகளை அடுக்கி ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போயிருக்கலாம், நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நீ அப்படிச் செய்யாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தாய். எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நோயாளி மகனோடு இயேசுவிடம் வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொன்னதை மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மகன் குணமானான். உன் சந்தேகத்தை மறைக்காமல் என்னிடம் சொன்னதற்கு நன்றி, அதை வைத்து உன்னை யாராவது குறைவாகப் பேசினால் என்னிடம் வா.

பார்க்க வந்தவர்களில் ஒருவர், வீட்டில் ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது, அதனால்தான் இந்த வியாதி என்று அப்பாவின் தலைமாட்டிலேயே நின்று சொன்னார். அப்பாவுக்குப் பேச்சுதான் வரவில்லை, காது கேட்கும். அப்போது அங்கிருந்த தங்கை, பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு, அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்னது நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள், கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நான் மறக்காமல் இருப்பது அடுத்த நாள் நடந்தது. அவள் அவரைத் தேடிப்போய், நான் சொன்னது சரிதான் ஐயா, சொன்ன விதம் சரியில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். சத்தியத்தை விட்டுக்கொடுக்கவில்லை, கோபத்துக்கு மட்டும் மன்னிப்பு. எனக்கு அவளைப்போல இரண்டு மடங்கு வயது, நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

உங்களோடு வந்த கத்தோலிக்க நண்பனுக்கும் தனியாக நன்றி. பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தியைப் பற்றி எனக்குச் சொன்னது அவன்தான். இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு நாளிதழ் அதிபரின் மகன், 1901இல் பிறந்து 1925இல் போலியோ தாக்கி 24 வயதில் இறந்துபோனவர். தன் பயணக் காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடியே வருவாராம். அடக்க நாளில் தெரு நிறைய ஏழைகள் வந்து நின்ற பிறகுதான், மகன் இத்தனை பேருக்கு உதவியிருக்கிறான் என்பது வீட்டாருக்கே தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று அவரையும், 2006இல் 15 வயதில் இறந்த, கணினியை நேசித்த கார்லோ அக்கூடிஸையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தார்கள். நான் அந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் வீட்டாருக்கே தெரியாமல் செய்தார் என்பதைக் கேட்டதும் என்னைச் சேர்க்காத அந்த வாட்ஸ்அப் குழுதான் ஞாபகம் வந்தது.

மனத்தாழ்மையைப் பற்றிப் பேசும் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை உங்களுக்கு நான்கு வாரம் நடத்தினேன். பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதிய நிருபம், மனத்தாழ்மை என்ற சொல் அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்குப் பெரும்பாலும் பெருமைக்குரியதாக இல்லை, அது அடிமையின் நிலை என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் குறிப்பெடுக்கவில்லையே என்று கடிந்தும் கொண்டேன். அதற்காகவும் மன்னியுங்கள்.

அப்பா இப்போது பரவாயில்லை. வலது கை இன்னும் வரவில்லை, சில வார்த்தைகள் வருகின்றன. அப்புறம், ராத்திரி ராத்திரி நீங்கள் மருந்து நேரம் எழுதிவைத்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு கையெழுத்து, 2 மணிக்கு மருந்து கொடுத்தாச்சு, 4 மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தாச்சு, தாத்தா சிரித்தார் என்று. ஒருவரும் கீழே பெயர் எழுதவில்லை. அதை நான் திருப்பித் தரமாட்டேன். யாரோ விட்டுப்போன நீலப் போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன், அதை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா