பதினான்கு மீட்டர் கறுப்புக் கோடு

அன்புள்ள மச்சான்,

நான்கு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. பல்லு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பத்திரிகை வரும். தயவுசெய்து அந்த மஞ்சள் சட்டையில் வந்து நிற்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் ராத்திரி நம்ம பெரியவன் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பைக்கில் வந்திருக்கிறான். ஓரமாக நின்ற கண்டெய்னர் லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே திரும்பியிருக்கிறது. இவன் பிரேக்கை அழுத்த, வண்டி தேய்த்துக்கொண்டே போய் லாரியின் பின் டயருக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருக்கிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாற்பதுலதான்பா வந்தேன்" என்கிறான். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு அவனை எழுப்பி, கடையிலிருந்த டேப்பையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கோடு அப்படியே இருந்தது. ஆரம்பத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி சன்னமாக, போகப் போக மையாக, கடைசியில் லேசாக இடப்பக்கம் வளைந்து. ஐந்து மீட்டர் டேப்பை மூன்று தரம் வைத்து அளந்தோம். 14 மீட்டர்.

பிசிக்ஸ் சார் 'வேலை' என்று போர்டில் எழுதியதும் நீ பின்பெஞ்சிலிருந்து "சம்பளம் எவ்வளவு சார்?" என்று கேட்டு வெளியே நின்றாயே, அதே வேலைதான். விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. ஓடுகிற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். அதை நிறுத்த வேண்டுமானால் அத்தனை ஆற்றலுக்கும் சமமான வேலையை எதிர்த்திசையில் செய்தாக வேண்டும். ரோடு செய்த அந்த வேலையைத்தான் நாங்கள் குனிந்து அளந்துகொண்டிருந்தோம்.

பைக்கும் பையனும் சேர்ந்து 170 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஆற்றல் சுமார் 10,500 ஜூல். 14 மீட்டரால் வகுத்தால் 750 நியூட்டன். ஒரு முக்கால் குவிண்டால் மூட்டையின் எடை அளவுக்கு ரோடு அவனைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. டயர் தேய்ந்து, சூடாகி, அப்படித்தான் அந்த ஆற்றல் போயிருக்கிறது.

அங்கேயே அவனிடம் கேட்டேன்: "நீ ஐம்பதில் வந்து, இதே இடத்தில் பிரேக் பிடித்திருந்தால் லாரியில் என்ன வேகத்தில் இடித்திருப்பாய்?" பத்து என்றான். நீயும் பத்து என்றுதான் சொல்வாய். நானும் முந்தின ராத்திரி பேனாவை எடுக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கைப் பார். ஐம்பதின் வர்க்கம் 2,500. அந்த 14 மீட்டரில் ரோடு எடுத்துக்கொள்ளக்கூடியது நாற்பதின் வர்க்கம், 1,600. மிச்சம் 900. அதற்கு வர்க்கமூலம் போடு.

முப்பது, மச்சான். முப்பதில் போய் அந்த இரும்பில் மோதியிருப்பான்.

இத்தனைக்கும் கண் பார்த்துக் கை பிடிக்கிற நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்கு ஒரு நொடி என்றால், நாற்பதில் 11 மீட்டர், ஐம்பதில் 14 மீட்டர் பிரேக்கே இல்லாமல் ஓடிவிடும். எண்பதில் வந்திருந்தால் கோடு மட்டுமே 56 மீட்டர்.

வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று பையன் விடாமல் கேட்டான், எனக்கு அது பிடித்திருந்தது. பிரேக் ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு மடங்கு வேகம் என்றால் நிற்க இரண்டு மடங்கு நேரம். அந்த நேரம் முழுக்கச் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. அப்போது தூரம் நான்கு மடங்கு, அவ்வளவுதான். சார் ஈர மணலில் வலை ஈயக்குண்டைப் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு அடியிலிருந்து ஒரு தரம், நாலு அடியிலிருந்து ஒரு தரம். நாலு அடியிலிருந்து விழுகிற குண்டு இரண்டு மடங்கு வேகத்தில்தான் மணலைத் தொடும், குழி மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு. டச்சுக்காரர் கிரேவ்சாண்டே களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டுப் பார்த்ததும் இதையேதான். அதைப் பிடித்துக்கொண்டு பிரான்ஸில் எமிலி து சாட்லே என்ற பெண்மணி, கணக்கில் வரவேண்டியது வெறும் வேகமில்லை, வேகத்தின் வர்க்கம் என்று 1740இல் புத்தகத்தில் எழுதி, பெரிய பெரிய ஆட்களோடு வாதாடினார். நமக்கு அன்றைக்குக் குண்டைப் பொறுக்கி யார் மேல் எறியலாம் என்பதுதான் கவலை.

பையன் திரும்பி வரும்போது பேசவே இல்லை. இரண்டு நாள் நிதானமாக ஓட்டினான். நேற்று மறுபடியும் தெருமுனையிலேயே அவன் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு வேகம் தெரிந்துவிடுகிறது, வயிறு கலங்குகிறது. நான் சொன்னால் அப்பா புலம்புகிறார் என்று போய்விடுவான். நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே உன்னிடம் அவனுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். கண்டிக்க வேண்டாம். ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேள், அவன் வாயால் முப்பது என்று சொல்லட்டும்.

ஞாயிறு பத்து மணிக்குமேல் போன் பண்ணு, வீட்டில்தான் இருப்பான்.

உன்
மச்சான்
தண்டையார்பேட்டை